விதையைப் பூஞ்சாணத்திலிருந்து காக்கும் தழைத்தூள்: உலர்த்துவது முதல் விதைப்பது வரை

ஓமலூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் வீட்டு விதை சேர்த்து வைப்போருடன் பல பருவங்கள் இந்த வேலையைச் செய்து வந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் எந்தத் தழை நல்லது என்பதாகவே இருக்கிறது. விதை கெட்டுப்போன வீடுகளில் விசாரித்தால், பெரும்பாலும் தழையில் குறை இருப்பதில்லை. வேலைகளின் வரிசை மாறியிருக்கும். ஈரம் போகாத விதையில் தூளைக் கலந்திருப்பார்கள், அல்லது சூடு ஆறாத விதையை டப்பாவில் மூடியிருப்பார்கள்.

தழைத்தூளால் ஆவது என்ன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக உலர்ந்த விதையின் மேல் படிந்திருக்கும் பூஞ்சாண வித்துகள் முளைப்பதை அது தாமதப்படுத்தும். ஈர விதையை அது உலர்த்தாது. பயிர் நிலத்தில் நின்றபோதே விதைக்குள் புகுந்துவிட்ட பூஞ்சாணத்தை வெளியேற்றவும் செய்யாது. கீழே உள்ள வரிசை இந்த எல்லையை மனத்தில் வைத்தே அமைந்திருக்கிறது.

1. எந்த அறுவடையிலிருந்து விதை எடுப்பது

ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலைக்காய் ஐப்பசி வாக்கில் அறுவடைக்கு வரும். சேலம் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் காலம் அதுதான். பறித்த காய் களத்தில் கிடக்கும்போதே நனைந்து, ஓட்டின்மேல் பூஞ்சாணம் ஏறிவிடும். அந்தக் காயை அடுத்த ஆடி வரை, ஏறத்தாழ 9 மாதம், வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு சுமை.

கிணற்றுப் பாசனம் இருப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் ஒரு சிறு பாத்தியை விதைக்காகவே ஒதுக்கிவிட்டால், சித்திரை வெயிலில் காய் உலரும்; சேமிக்க வேண்டிய காலமும் மூன்று மாதமாகச் சுருங்கும். எந்தத் தழைத்தூளும் தராத பாதுகாப்பை இந்த ஒரு முடிவு தந்துவிடுகிறது. பாசனம் இல்லாதவர்கள் ஐப்பசிக் காயையே சேமிக்க வேண்டியிருந்தால், அடுத்து வரும் உலர்த்தும் பகுதியில் ஒன்றைக்கூட விடாமல் செய்ய வேண்டும்.

2. அறுவடைக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தார்ப்பாய், ஒரு முறம், மாவு சலிக்கும் நுண் சல்லடை ஒன்று, 5 கிராமையும் சரியாகக் காட்டும் சிறு தராசு, 20 கிலோ வரை எடை பார்க்கக்கூடிய பெரிய தராசு, இறுக மூடும் கலங்கள், மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளத் துணி, இவ்வளவுதான். இவற்றோடு தழைத்தூளும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

அறுவடை முடிந்த பிறகு வேப்பங்கிளையை ஒடிக்கப் போகிறவர்கள் மிகப் பலர். தழை நிழலில் உலர ஒரு வாரம் ஆகும். அதற்குள் உலர்ந்த விதை சாக்கில் கட்டப்பட்டுத் திண்ணை மூலையில் மறுபடி ஈரம் வாங்கத் தொடங்கிவிடும். அல்லது பொறுமை இழந்து அரைகுறையாக உலர்ந்த தழையைப் போட்டுவிடுவார்கள். ஆகவே தூள்தான் முதல் வேலை.

3. தழையைத் தேர்ந்து தூளாக்குதல்

வேப்பிலை எல்லா விதைக்கும் பொதுவானது. எளிதில் கிடைப்பதும் அதுதான். நொச்சியிலைக்கு வாசனை எண்ணெய் மிகுதி என்பதால் மூடிய கலத்துக்குள் அதன் நெடி பரவி நிற்கும். சாமை, ராகி போன்ற சிறுதானியங்களுக்கு நான் அதையே எடுக்கிறேன். உளுந்து, பாசிப்பயறு, துவரை, அவரை ஆகியவற்றுக்கு வசம்பு சிறந்தது. பயறு வண்டு விதையைத் துளைத்துத் தின்னும்போது அதன் மூச்சால் கலத்துக்குள் வெப்பமும் ஈரமும் கூடும். அந்த ஈரத்தில்தான் பூஞ்சாணம் பிடிக்கும். வசம்பு வண்டையும் தடுப்பதால் பூஞ்சாணத்துக்கு இருக்கும் அந்த வழியும் அடைபடுகிறது.

சேலத்துக் கரடுகளில் தானாக வளரும் அரப்பு மரத்தின் இலை செலவில்லாதது. அதிலுள்ள நுரைப்பொருளால் தூள் விதையின் மேல் நன்றாக ஒட்டுகிறது. தலைக்குத் தேய்க்கக் கடையில் விற்கும் அரப்புத்தூளில் வேறு பொடிகளும் கலந்திருக்கக்கூடும் என்பதால் இலையைத் தாமே பறித்துக்கொள்வது நல்லது. தழைக்குப் பதில் மஞ்சள்தூளைக் கலப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பாக்கெட்டில் வரும் மஞ்சள்தூளில் மாவு கலந்திருந்தால் அந்த மாவே பூஞ்சாணத்துக்குத் தீனியாகிவிடும். மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே சரி.

அளவு எளிது: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள். வேப்பிலை, நொச்சி, அரப்பு, வசம்பு எல்லாவற்றுக்கும் இதுவே போதும். மஞ்சளுக்கு 5 கிராமிலிருந்து 10 கிராம் வரை. பச்சைத் தழை உலர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், 20 கிலோ விதைக்கு வேண்டிய 200 கிராம் தூளுக்கு, காம்பும் நரம்பும் கழிவதையும் சேர்த்து, ஒரு கிலோ பச்சை இலை பறித்துக்கொள்ள வேண்டும்.

இலையைப் பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் பறிக்க வேண்டும். புள்ளி விழுந்த இலையையும் மண் ஒட்டிய கீழ்க்கிளை இலையையும் தள்ளிவிட வேண்டும், ஏனெனில் அவற்றோடு பூஞ்சாண வித்துகளும் கலத்துக்குள் வந்துவிடும். காற்றோட்டமான நிழலில் மெல்லியதாகப் பரப்பி நாள்தோறும் கிளறிவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் விரைவில் உலரும் என்பது உண்மைதான். ஆனால் எதற்காக இலையைப் போடுகிறோமோ அந்த வாசனை எண்ணெய் வெயிலில் பறந்துவிடும். கையில் கசக்கினால் இலை நொறுங்க வேண்டும், காம்பு ஒடியும்போது சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகே இடித்து நுண் சல்லடையில் சலிக்கலாம்.

வசம்பைச் சிறு துண்டுகளாக உடைத்து, இரண்டு நாள் உலரவிட்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு இடிக்க வேண்டும். சமையலுக்குப் பயன்படும் மிக்ஸி ஜாடியில் அதை அரைக்க வேண்டாம்.

குதிரில் பச்சை வேப்பிலையை அடுக்கும் பழக்கத்தை நினைத்துக்கொண்டு, புதிதாகப் பறித்த தழையை விதையோடு போடுபவர்கள் இன்றும் உண்டு. பச்சை இலையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நானே முதல் முறை, சரியாக உலராத நொச்சியிலையை 5 கிலோ சாமையின் நடுவே அடுக்கி மூடிவைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது ஒவ்வொரு இலையைச் சுற்றியும் சாமை கட்டி கட்டியாகத் திரண்டு, புழுங்கல் வாடை அடித்தது. பூஞ்சாணத்தைத் தடுக்கப் போட்ட தழையே அதற்குத் தண்ணீர் ஊற்றியிருந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டின் உயரத்துக்கு ஏறிவிட்டால் வேப்பமரம் அருகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் நிழலில் வைத்த எந்த இலையும் உலராது. மாசி, பங்குனி மாதங்களில் அடிவாரத்தில் பறித்து, அங்கேயே உலர்த்தித் தூளாக்கிக் கொண்டுபோவது நல்லது. தூளின் நெடி குறைந்துவிட்டால் அதன் பலனும் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட தூளை நான் பயன்படுத்துவதில்லை.

4. விதையை உலர்த்துதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கவனமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். சேமிப்பில் பிடிக்கும் அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைப் பூஞ்சாணங்கள், விதையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே நின்றால் வளர முடிவதில்லை. விதையின் உள் ஈரம் குறைந்தால்தான் கலத்துக்குள் இருக்கும் காற்றும் அப்படி நிற்கும். விதையின் ஈரம் 5 சதவீதத்துக்கும் 14 சதவீதத்துக்கும் இடைப்பட்ட நிலையில், ஒவ்வொரு 1 சதவீதம் குறையும்போதும் விதையின் வாழ்நாள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை நூல்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு.

அரசுச் சான்றோடு விற்கும் சான்று விதைக்கான தரத்தில் நெல்லுக்கு 13 சதவீதமும், சோளம், மக்காச்சோளம், ராகி ஆகியவற்றுக்கு 12 சதவீதமும், பயறு வகைகளுக்கும் கடலைக்காய்க்கும் 9 சதவீதமும் உச்ச ஈர அளவாக வைக்கப்பட்டிருக்கின்றன. இவை சாக்கில் கட்டும் விதைக்கானவை. காற்றுப்புகாத கலத்தில் அடைப்பதானால் நெல்லும் பயறும் 8 சதவீதத்துக்கும், கடலைக்காய் 5 சதவீதத்துக்கும் இறங்க வேண்டும், ஏனெனில் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற வழியில்லை.

ஈரமானி இல்லாத வீட்டில் தராசே ஈரமானி. 15 சதவீத ஈரமுள்ள 20 கிலோ பயறு 9 சதவீதத்துக்கு வர வேண்டுமானால், 20ஐ 85ஆல் பெருக்கி 91ஆல் வகுக்க வேண்டும். விடை 18 கிலோ 680 கிராம். அதாவது 1 கிலோ 320 கிராம் தண்ணீர் போக வேண்டும். தொடக்க ஈரம் எவ்வளவு என்று தெரியாதவர்கள், ஒரு சிறு பையில் அடையாளத்துக்காக 2 கிலோ விதையைத் தனியே வைத்து, மற்ற விதையோடு சேர்த்து உலர்த்தி, நாள்தோறும் மாலையில் எடை பார்க்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால், அந்தப் பருவத்தின் காற்றில் அதற்குமேல் உலராது என்று பொருள். சித்திரை வெயிலில் அந்த நிலை போதுமானது. மழைக்காலத்தில் போதாது, மாசி வெயிலில் மறுபடி உலர்த்த வேண்டும்.

அவசரச் சோதனைக்கு உப்பு உதவும். நன்றாகக் காய்ந்த உப்புத்தூளில் ஒரு கைப்பிடியை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு, விதையையும் சேர்த்து மூடி, பத்து நிமிடம் அவ்வப்போது குலுக்க வேண்டும். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் விதையில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டவில்லை என்றால் அதற்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே தெரியும். 9 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இடத்தில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

உலர்த்தும் நேரமும் முக்கியம். காலை 8 மணி முதல் 12 மணி வரையிலும், பிற்பகல் 3 மணிக்குப் பிறகு வெயில் சாயும் வரையிலும் பரப்பலாம். இடைப்பட்ட நேரத்தில் விதையைக் குவித்து நிழலில் வைக்க வேண்டும். கோடைக்கால நண்பகலில் சேலத்துச் சிமெண்டுக் களம் காலை வைக்க முடியாத அளவு சுடும், அந்தச் சூடு விதையின் முளைக்கருவைக் கெடுக்கும். தார்ப்பாயின்மேல் இரண்டு விரல் கனத்துக்கு மிகாமல் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை கிளற வேண்டும். மாலையில் பனி இறங்கும் முன் மூடிவிட வேண்டும். பகலில் போன ஈரத்தில் ஒரு பகுதியை இரவுப் பனி திருப்பித் தந்துவிடும்.

கடலைக்காயை ஓட்டோடுதான் உலர்த்தவும் சேமிக்கவும் வேண்டும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பின் சிவப்புத் தோலை விரலால் தேய்த்தால் எளிதில் உரிய வேண்டும்.

5. பொறுக்கி எடுத்தல்

உலர்ந்த பின்புதான் பொறுக்க வேண்டும், ஏனெனில் ஈரத்தில் மறைந்திருக்கும் நிற மாற்றமும் சுருக்கமும் உலர்ந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். உடைந்தது, தோல் கீறியது, வண்டு துளைத்தது, சுருங்கியது எல்லாம் வெளியேற வேண்டும். பூஞ்சாணம் முதலில் நுழைவது கீறலின் வழியேதான். தடியால் ஓங்கி அடித்துப் பிரித்த பயறில் இத்தகைய கீறல் மிகுதியாக இருக்கும் என்பதால், விதைக்கு வேண்டியதைக் கையால் உரித்துக்கொள்வது நல்லது. தூசியையும் சருகையும் முறத்தில் புடைத்து நீக்க வேண்டும்.

கடலைக்காய்ப் பருப்பில் மஞ்சள் கலந்த பச்சைப் பூஞ்சாணம் தெரிந்தால் அது பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. கரித்தூள் போன்ற கருப்பு தெரிந்தால், முளைத்த செடிக்குக் கழுத்தழுகல் நோயைக் கொண்டுவரும் வகை. எந்தத் தூளும் இவற்றை நல்ல விதையாக்காது. இப்படிக் கழித்த பருப்பைச் செக்குக்கு அனுப்புவதும் மாட்டுக்கு வைப்பதும் மிகத் தவறு. அந்த நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது, மாடு தின்றால் பாலிலும் வரும். குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.

6. ஆறவிடுதல்

களத்திலிருந்து வாரிய விதையை நேராகக் கலத்தில் கொட்டக் கூடாது. நிழலில் பரப்பி, விதை கைக்குக் குளிர்ந்து படும்வரை, குறைந்தது மூன்று மணி நேரம் விட வேண்டும். சூடான விதையை மூடினால், கலத்தின் சுவர் இரவில் குளிரும்போது உட்புறம் நீர் கோத்து, ஓரத்து விதைகள் நனையும். அடிவாரத்தில் உலர்த்தி அன்று மாலையே மலைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்த வேர்வை இன்னும் கூடுதலாக வரும். அவர்கள் விதையைச் சாக்கில் ஏற்றிப்போய், மேலே சென்று ஆறவிட்டு, பனி இறங்கும் முன் கலத்தில் அடைப்பதே ஏற்றது.

7. தூளைக் கலத்தல்

மூன்று கிலோவுக்கு மிகாத சிறு பகுதிகளாகக் கலக்க வேண்டும். அகலப் பாத்திரத்தில் விதையைப் போட்டு, அளந்த தூளில் பாதியைத் தூவிப் புரட்டி, பிறகு மீதியைத் தூவிப் புரட்டினால் எல்லா விதையிலும் தூள் படியும். இருபது கிலோவையும் ஒரே குவியலாகக் கலந்தால் தூள் அடியில் இறங்கி, மேலிருக்கும் விதை வெறுமையாக நிற்கும்.

தூள் ஒட்டவில்லை என்று தண்ணீர் தெளிப்பது நான் அடிக்கடி காணும் பிழை. இலைச்சாற்றில் ஊறவைத்து எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் ஊறிய விதையைப் பழைய ஈர அளவுக்குத் திரும்ப உலர்த்த வேண்டும், அது எல்லா வீட்டிலும் நடக்கும் காரியமன்று. நெடுநாள் சேமிப்புக்கு உலர் தூளே என் தேர்வு. வேப்பெண்ணெய் வண்டைத் தடுக்கும் என்றாலும், அளவு மிஞ்சினால் முளைப்பைக் குறைக்கும். பூஞ்சாணத்துக்காக அதை நாட வேண்டியதில்லை.

கடலைக்காயில் தூள் ஓட்டின்மேல்தான் நிற்கும், பருப்பைத் தொடாது. அதனால் பலன் சிறிதே என்பதை ஒப்புக்கொண்டு, உலர்த்துவதையும் பொறுக்குவதையும் அதற்கு இருமடங்கு கவனத்தோடு செய்ய வேண்டும்.

கலக்கும்போது ஒரு கிலோ விதையைத் தூள் போடாமல் தனியே எடுத்து, அதே வகைக் கலத்தில் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால்தான் தூள் உங்கள் வீட்டில் வேலை செய்ததா என்று தெரியும்.

8. கலமும் இடமும்

மலைக்கும் சமவெளிக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. தை முதல் வைகாசி வரை சேலம் சமவெளியில் காற்று வறண்டிருப்பதால் புதுச் சாக்கு, துணிப்பை, மண்பானை எதுவும் பொருந்தும். ஏற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதி காற்று ஈரமாக இருப்பதால், காற்று புகும் எந்தக் கலத்திலும் விதை சில வாரங்களில் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அங்கே இறுக மூடும் தகர டப்பா, கண்ணாடிப் புட்டி, அல்லது வாயை உருக்கி ஒட்டிய 700 கேஜ் கனமுள்ள பாலித்தீன் பை வேண்டும். அதற்கேற்ற குறைந்த ஈரத்துக்கு விதை உலர்ந்தும் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு உலர்த்த முடியாதவர்களுக்கு அடுப்புக்கு மேலுள்ள பரண் இன்றும் நல்ல இடம். கதிரோடு தொங்கவிட்ட மக்காச்சோளத்தை அங்கே புகையும் வெப்பமும் காக்கின்றன.

கலத்தை முக்கால் பங்கு நிரப்பிவிட்டு வெற்றிடம் விடுவது தவறு. உள்ளே தங்கும் காற்றோடு ஈரமும் தங்கும். கழுத்துவரை நிரப்புங்கள், குறைந்தால் சிறிய கலத்துக்கு மாற்றுங்கள். பழைய சாக்கைப் பயன்படுத்துவதானால் உதறி, இரண்டு நாள் கடும் வெயிலில் காயவைக்க வேண்டும், முன்னாண்டுப் பூஞ்சாணம் அதன் தையலில்தான் குடியிருக்கும். மூட்டைகளை மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும்.

ஒவ்வொரு கலத்திலும் பயிரின் பெயர், அறுவடை மாதம், கலந்த தூள், ‘தின்னக்கூடாது’ என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள். வசம்பு கலந்த பயறு வீட்டில் யாரோ ஒருவரால் குழம்புக்கு எடுக்கப்படுவதற்கு வாய்ப்பு உண்டு.

9. இடையில் பார்த்தல்

சாக்கு, பானை போன்றவற்றை மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கும் நண்பகலில் திறந்து பார்க்கலாம். கையை நடுவரை நுழைத்தால் வெதுவெதுப்பாக இருக்கக் கூடாது, புழுங்கல் வாடை வரக் கூடாது, விதை கட்டியாகத் திரண்டிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே வெளியே கொட்டி உலர்த்த வேண்டும். மூன்று மாதத்தில் வாசனை எண்ணெய் பெரும்பாலும் போய்விடுவதால், அதன் பிறகும் சேமிக்க வேண்டிய விதைக்குப் பழைய தூளைச் சலித்துவிட்டுப் புதுத் தூளைக் கலக்கலாம்.

காற்றுப்புகாத கலத்தை மட்டும் மாதாமாதம் திறக்க வேண்டாம். மழைநாளில் ஒருமுறை திறந்தால் போதும், ஊர் ஈரமெல்லாம் உள்ளே போகும்.

10. முளைப்புச் சோதனை

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பாக, கலத்தின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்து 100 விதையை எண்ணிக்கொள்ள வேண்டும். நனைத்துப் பிழிந்த சணல் சாக்கின்மேல் இடைவெளிவிட்டு வரிசையாக அடுக்கி, சுருட்டி, நிழலில் வைத்து, உலராமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். உளுந்தை 7 நாளிலும் கடலைக்காய்ப் பருப்பை 10 நாளிலும் எண்ணலாம். வேரும் தண்டும் ஒழுங்காக வந்த முளையை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேர்முனை கருகியதையும் முளைத்தபின் பூஞ்சாணம் மூடியதையும் சேர்க்கக் கூடாது. பலர் இவற்றையும் எண்ணித் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

சான்று விதைத் தரப்படி கடலைக்காய்க்கு 70, பயறு வகைகளுக்கும் ராகிக்கும் 75, நெல்லுக்கு 80 முளைக்க வேண்டும். சற்றுக் குறைந்தால் விதை அளவைக் கூட்டலாம்; 50க்குக் கீழே போனால் வேறு விதை தேடுவது நல்லது, மூன்று வாரம் முன்பாகப் பார்க்கச் சொல்வதும் அதற்காகத்தான். தூள் போடாமல் தனியே வைத்த விதையையும் இதே நாளில் சோதித்து, இரண்டு எண்ணையும் கலத்தின்மேல் எழுதிவையுங்கள்.

11. விதைக்கும் நாளில்

கடலைக்காயை விதைப்புக்கு முந்தைய ஓரிரு நாளில்தான் உடைக்க வேண்டும். உடைத்த பருப்பை வாரக்கணக்கில் வைத்திருந்தால், அதுவரை ஓடு காத்ததெல்லாம் வீணாகும்.

டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு கிலோவுக்கு 4 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்பவர்கள், முதலில் தழைத்தூளை முறத்தில் நன்றாகப் புடைத்து நீக்கிவிட வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். பூஞ்சாணத்தைத் தடுக்கப் போட்ட தூள் நன்மை செய்வது எது, தீமை செய்வது எது என்று பிரித்துப் பார்க்காது. ராகி, சாமை போன்ற பொடி விதைகளில் புடைத்தால் தூள் முழுதும் போகாது. தூள் விழுந்து விதை நிற்கும் கண்ணளவுள்ள சல்லடையில் இருமுறை சலிக்க வேண்டும்.

விதைத்தது போக மீந்த விதையைச் சமையலுக்கோ கோழித் தீவனத்துக்கோ எடுக்காமல், மறுபடி விதைக்க வாய்ப்பில்லை என்றால் எருக்குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். கலங்களைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த அறுவடை வரை கவிழ்த்து வைக்கலாம்.